தாய்லாந்தில் தொழில் தொடங்க: கடை பார்ப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

தாய்லாந்தில் கடை போட வருகிற நம்மவர்கள் பலரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். சுற்றுலா வருகிறார்கள், ஊர் பிடித்துப்போகிறது, நல்ல தெருவில் ஓர் இடம் கண்ணில் படுகிறது, அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கம்பெனி பதிகிறார்கள். கடைசியில் விசாவுக்கும் ஒர்க் பெர்மிட்டுக்கும் அலைகிறார்கள். இந்த வரிசை அப்படியே தலைகீழ். தாய்லாந்துச் சட்டம் எடுத்ததும் கேட்பது இரண்டே கேள்வி: என்ன தொழில்? அது யாருடையது? இவற்றுக்குப் பதில் தெரியாமல் கொடுக்கிற அட்வான்ஸ் திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். பாங்காக்கில் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை. ஊரிலிருந்து நீங்கள் ஒருவர், தோசை மாஸ்டர் ஒருவர். இதற்கு என்னென்ன வேண்டும்?

முதல் படி: உங்கள் தொழில் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

வெளிநாட்டவர் தொழில் சட்டம் 1999இல் வந்தது. அதில் மூன்று பட்டியல்கள். முதல் பட்டியலில் இருப்பவை வெளிநாட்டவருக்கு அடியோடு கிடையாது: பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, நெல் சாகுபடி, நிலம் வாங்கி விற்பது போன்றவை. இரண்டாவது பட்டியல் நாட்டின் பாதுகாப்பு, கலை, பண்பாடு, இயற்கை வளம் சார்ந்தது. அதற்கு அமைச்சரவை வரை போக வேண்டும். நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது பட்டியலில். தாய்லாந்து மக்கள் போட்டிக்கு இன்னும் தயாராகவில்லை என்று அரசு கருதுகிற தொழில்கள் அதில் உள்ளன. கணக்கு எழுதுவது, வழக்கறிஞர் தொழில், கட்டடக் கலை, தங்கும் விடுதித் தொழில், சுற்றுலா, சில்லறை வியாபாரம், மொத்த வியாபாரம், உணவும் பானமும் விற்பது. நம் தோசைக் கடை இங்கேதான் வருகிறது.

அந்தப் பட்டியலின் கடைசி வரியைக் கவனமாகப் படியுங்கள். ‘மற்ற சேவைத் தொழில்கள்’ என்று இருக்கும். விதிவிலக்காகச் சொல்லப்பட்டவை தவிர, எந்தச் சேவையும் அதற்குள் வந்துவிடும். கணினி ஆலோசனை, பயிற்சி வகுப்பு எல்லாம் அதில்தான். ‘நான் கடையே வைக்கவில்லை, லேப்டாப்பில்தான் தொழில்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காதவர்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி என்று சட்டம் எதைச் சொல்கிறது? பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்தால் அது வெளிநாட்டுக் கம்பெனி. எல்லோரும் 49 சதவீதம், 51 சதவீதம் என்று பேசுவது இதனால்தான்.

பட்டியலில் இல்லாத தொழில்களும் நிறைய உண்டு. பெரும்பாலான பொருள் தயாரிப்பு, ஏற்றுமதி ஆகியவற்றை வெளிநாட்டவர் முழு உரிமையோடு நடத்தலாம்; குறைந்தது 20 லட்சம் பாட் மூலதனம் காட்ட வேண்டும். அதனால் உங்கள் யோசனையைக் கடையிலிருந்து தயாரிப்புப் பக்கம் திருப்ப முடியுமா என்று முதலிலேயே உட்கார்ந்து யோசியுங்கள். முறுக்கும் ஊறுகாயும் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கு இருக்கிற சுதந்திரம், அதே பொருளைத் தெருமுனைக் கடையில் விற்கிறவருக்கு இல்லை. இதிலும் ஒரு கண்ணி உண்டு: அரிசி ஆலையும், அரிசி முதலான விளைபொருளை மாவாக்குவதும் மூன்றாம் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டாம் படி: யார் பெயரில்?

இந்தப் படிக்கு எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் தகும். மற்றப் படிகளில் தவறினால் பெரும்பாலும் அபராதத்தோடு போகும். இதில் தவறினால் தொழிலே கையை விட்டுப் போகும்.

நேர்மையான வழிகள் நான்கு. ஒன்று, பட்டியலில் இல்லாத தொழிலைத் தேர்ந்தெடுப்பது.

இரண்டு, பிஓஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முதலீட்டு வாரியத்தின் சலுகை. தகுதியான தொழிலென்றால் முழு உரிமையும் உங்களுக்கே. நிலத்தின் விலையும் நடைமுறை மூலதனமும் சேராமல் குறைந்தது 10 லட்சம் பாட் முதலீடு கேட்பார்கள். மென்பொருள், மின்னணுப் பொருள், உணவுப் பதப்படுத்தல் போன்றவற்றுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்கு இல்லை.

மூன்று, மூன்றாம் பட்டியல் தொழிலுக்கு வெளிநாட்டவர் உரிமம் கேட்டு விண்ணப்பிப்பது. குறைந்தது 30 லட்சம் பாட் மூலதனம் வேண்டும். உங்கள் தொழிலால் நாட்டுக்கு என்ன புதிய நுட்பம் வருகிறது, தாய் மக்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரே குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிகளுக்குச் சேவை செய்வது போன்ற விண்ணப்பங்களுக்கு இது ஒத்துவரும். இட்லி கடைக்கு இந்த வழியில் உரிமம் கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அமெரிக்கர்களுக்கு 1966இல் போட்ட நட்பு ஒப்பந்தத்தின் பேரில் தனிச் சலுகை உண்டு. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை.

நான்கு, உண்மையான தாய் கூட்டாளி. 51 சதவீதம் அவருக்கு, 49 உங்களுக்கு. அவர் பணம் போடுகிறார், லாபத்தில் பங்கு எடுக்கிறார், கடையைப் பற்றிக் கவலைப்படுகிறார். சாப்பாட்டுக் கடைக்கு நடைமுறையில் இந்த வழிதான்.

ஐந்தாவதாக ஒருவர் வந்து காதில் ஓதுவார். ‘கவலைப்படாதீங்க அண்ணே, எங்க ஆபீஸ்ல வேலை செய்யிற ரெண்டு பேர் பேர்ல 51 போட்டுருவோம். வருஷத்துக்குக் கொஞ்சம் கொடுத்தாப் போதும். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க.’ இதற்குப் பெயர் பினாமி. சட்டத்தின் 36ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. பெயர் கொடுத்த தாய் நாட்டவருக்கும் பெயர் வாங்கிய வெளிநாட்டவருக்கும் ஒரே தண்டனை: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனியை மூடவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

முன்பு இதைக் கண்டும் காணாமல் விட்ட காலம் இருந்தது உண்மைதான். இப்போது அப்படி இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதைக் கட்டிய நிறுவனங்களில் ஒன்றின் தாய்ப் பங்குதாரர்கள் பினாமிகளா என்று சிறப்புப் புலனாய்வுத் துறை விசாரணையில் இறங்கியது. அதன் பிறகு பங்குதாரர் பட்டியலை அதிகாரிகள் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. மாதம் இருபதாயிரம் பாட் சம்பளக்காரர் ஒருவர் பல கம்பெனிகளில் பெரும்பங்குதாரராக இருந்தால், அந்தப் பட்டியலே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். தாய்ப் பங்குதாரரிடம் அந்த அளவு பணம் இருக்கிறதா என்பதற்கு வங்கிச் சான்றும் கேட்கிறார்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பினாமி ‘கடை என்னுடையது’ என்று சொன்னால் எந்த நீதிமன்றத்தில் போய் என்னவென்று சொல்வீர்கள்? உங்கள் வழக்கே உங்கள் குற்றத்தின் ஒப்புதலாகிவிடும்.

உண்மையான கூட்டாளி கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாதி பங்குக்குக் குறைவாக வைத்துக்கொண்டு உங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? சட்டப்படி செய்யக்கூடியவை சில உண்டு. கம்பெனிச் சான்றிதழில் கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்று ஒரு வரி இருக்கும்; ‘இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு முத்திரை வைத்தால்தான் செல்லும்’ என்று அதில் எழுதச் செய்யுங்கள். வங்கிக் கணக்குக்கும் அதே ஏற்பாடு. பங்கு முதலுக்கு மேல் நீங்கள் போடுகிற பணத்தை உங்களிடமிருந்து கம்பெனி வாங்கிய கடனாகக் கணக்கில் ஏற்றுங்கள். கடையின் வணிகச் சின்னத்தை அறிவுசார் சொத்துரிமைத் துறையில் உங்கள் சொந்தப் பெயரில் பதிந்து, கம்பெனிக்குப் பயன்படுத்தக் கொடுங்கள். வெளிநாட்டவர் பெயரில் பதிய அங்கே தடை இல்லை. 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். யார் விலகினால் பங்கை என்ன விலைக்கு யார் வாங்குவது என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுத வேண்டிய தாள் அது.

மூன்றாம் படி: கணக்கு

வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒர்க் பெர்மிட் வேண்டுமென்றால் பொதுவாகக் கம்பெனிக்கு 20 லட்சம் பாட் மூலதனம் முழுதாகச் செலுத்தியிருக்க வேண்டும். விசாவை ஆண்டுக் கணக்கில் நீட்டிக்க வெளிநாட்டவர் ஒருவருக்கு நான்கு தாய் ஊழியர்கள் வேண்டும். நம் கடையில் வெளிநாட்டவர் இருவர். ஆகவே மூலதனம் 40 லட்சம் பாட், தாய் ஊழியர் எட்டுப் பேர்.

பாங்காக்கில் 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 400 பாட். எட்டுப் பேருக்கு மாதம் 26 நாள் கூலி போட்டால் 83,200 பாட். விசா நீட்டிப்புக்கு இந்தியர் ஒருவரின் சம்பளம் மாதம் குறைந்தது 35,000 பாட் என்று காட்டி, அதற்கு வருமான வரியும் கட்ட வேண்டும். இருவருக்கு 70,000. ஆக வாடகை, அரிசி, உளுந்து, கேஸ் எதுவும் சேராமல் மாதம் 1,53,200 பாட். ஒரு தட்டுத் தோசை விற்பதற்கு முன்பே இவ்வளவு. பத்து மேசைக் கடை இதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், தோசை போட ஒரு தாய் சமையல்காரரைப் பழக்குவது ஒரு வழி. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொண்டது நல்லது என்று விட்டுவிடுவது இன்னொரு வழி.

நான்காம் படி: பணத்தைக் கொண்டுபோவது

இந்தியாவில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்புத் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்க அனுப்பும் பணம் 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. வங்கியில் ‘உறவினர் பராமரிப்பு’ என்று காரணம் எழுதி அனுப்பிவிட்டு, அதையே கம்பெனி முதலாகக் காட்டாதீர்கள். பணம் போகும்போதே முதலீடு என்று சொல்லி அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் அந்தப் பங்குகள் ஏற வேண்டும். இதற்கு ஊரில் உள்ள ஆடிட்டர் ஒருவரை முன்பே பிடித்துவிடுங்கள். உண்டியல், ஹவாலா பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அப்படி வந்த பணத்துக்கு வங்கிச் சான்று கிடைக்காது, சான்று இல்லாவிட்டால் நாளைக்கு லாபத்தை ஊருக்குக் கொண்டுவருவதும் சிக்கல்.

ஐந்தாம் படி: இப்போது இடம் பாருங்கள்

பாங்காக்கில் ஓடுகிற கடையைக் கைமாற்றி விடுவதை ‘செங்’ என்பார்கள். கடைக் கண்ணாடியில் அந்தச் சொல்லையும் ஒரு தொலைபேசி எண்ணையும் ஒட்டியிருப்பார்கள். அடுப்பு, மேசை, ஏசி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை கேட்பார்கள். நீங்கள் அந்தத் தொகையைக் கொடுப்பது பழைய குத்தகைதாரருக்கு. கட்டடக்காரர் வேறு ஆள். பழைய குத்தகையில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், புதிய குத்தகைக்குக் கட்டடக்காரர் ஒப்புக்கொள்கிறாரா, என்ன வாடகைக்கு என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வாங்கின பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

குத்தகை ஆவணத்தில் ஆண்டு 2569 என்று இருந்தால் திகைக்காதீர்கள். அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2026. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்குத்தான் அது செல்லும். பத்து ஆண்டு என்று தாளில் எழுதியிருப்பதை நம்பி உள் அலங்காரத்தில் பணத்தைக் கொட்டியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ஆவணத்தில் தாய்லாந்து மொழியும் ஆங்கிலமும் இருந்தால் எது செல்லும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் தாய்லாந்து மொழிதான். ஆகவே அதைப் படித்துச் சொல்ல உங்கள் ஆள் ஒருவர் வேண்டும். கட்டடக்காரர் அழைத்து வந்தவர் போதாது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கம்பெனி பதிய முகவரி வேண்டும். முகவரி கொடுக்க இடம் வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் ‘கம்பெனி பதிவு ஆகாவிட்டால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு விதியைச் சேர்க்கப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாத கட்டடக்காரர் என்றால், சிறிய அலுவலகம் ஒன்றை எடுத்து முதலில் அங்கே கம்பெனியைப் பதிந்துவிட்டு, கடையைப் பிறகு கிளையாகச் சேர்க்கலாம்.

ஆறாம் படி: பதிவும் உரிமங்களும்

கம்பெனிப் பதிவுதான் இருப்பதிலேயே சுலபம். வணிக மேம்பாட்டுத் துறையில் பெயரை ஒதுக்கி வாங்கினால் 30 நாளைக்குள் அடுத்த வேலையை முடிக்க வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு பங்குதாரர் போதும். அதற்கு முன் மூன்று பேர் வேண்டும். தாள்கள் எல்லாம் தாய்லாந்து மொழியில் இருக்கும் என்பதால் கணக்கு அலுவலகம் ஒன்றின் உதவி இல்லாமல் முடியாது.

பாஸ்போர்ட் நகல் ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதி நீல மையில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, ‘கம்பெனிப் பதிவுக்கு மட்டும்’ என்று நாளோடு எழுதிவிடுங்கள். தாய் நாட்டவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். வெறும் கையெழுத்தோடு விட்ட நகல் வேறு எதற்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக் கடைக்கு மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வேண்டும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமென்றால் உரிமம். அதற்குள் என்றால் தெரிவித்துச் சான்று வாங்கினால் போதும். பெயர்ப்பலகைக்கும் வரி உண்டு. தாய் எழுத்து மட்டும் இருந்தால் மிகக் குறைவு. தாய் எழுத்தோடு வேறு எழுத்தும் கலந்திருந்தால் அதைவிட அதிகம். வேற்றெழுத்து மட்டும் இருந்தாலோ, தாய் எழுத்து அதற்குக் கீழே இருந்தாலோ மிக அதிகம். பாங்காக் தெருக்களில் பெரிய ஆங்கிலப் பலகையின் மேல் மூலையில் சின்னதாகத் தாய் எழுத்து ஒட்டியிருப்பது இதற்காகத்தான். பலகைக்காரரிடம் வடிவம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: விசா, ஒர்க் பெர்மிட்

சுற்றுலாவாக நுழைந்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. கம்பெனி பதிந்து, அதன் அழைப்புக் கடிதத்தோடு ஊரிலிருந்தபடி நான்-இமிக்ரன்ட் பி என்கிற வேலை, தொழிலுக்கான விசாவுக்கு விண்ணப்பித்து, அதில் வந்து இறங்க வேண்டும். அதன் பிறகு ஒர்க் பெர்மிட், அதன் பிறகு ஓராண்டு நீட்டிப்பு. 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்களைப் பற்றித் தெரிவிக்கும் டிஎம் 30 படிவமும் ஒன்று உண்டு. அது இல்லாமல் நீட்டிப்பு கவுன்டரில் உங்கள் கட்டு நகராது. வீடு எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களைச் சார்ந்து வரும் மனைவிக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ வேலை செய்யும் உரிமை கிடையாது. நம் ஊர் மெஸ்ஸில் வீட்டம்மா கல்லாவில் உட்காருவது போல இங்கே உட்கார்ந்தால் 5,000 முதல் 50,000 பாட் அபராதமும் நாடு கடத்தலும் வரலாம். ஒர்க் பெர்மிட் இருக்கிற நீங்களும் எல்லா வேலையும் செய்துவிட முடியாது. கடையில் பொருளை எடுத்துக் கொடுத்து விற்பது, முடிதிருத்துவது, சுற்றுலா வழிகாட்டுவது, வண்டி ஓட்டுவது என்று தாய் நாட்டவருக்கே ஒதுக்கிய வேலைகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. கடையை நிர்வகியுங்கள், விற்பனையை உங்கள் ஊழியர்களிடம் விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: மாதாந்தர வேலைகள்

ஆண்டு விற்றுமுதல் 18 லட்சம் பாட்டைத் தாண்டினால் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரிப் பதிவு கட்டாயம். இப்போதைய விகிதம் 7 சதவீதம். அதற்கு விண்ணப்பிக்கும்போது கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள், வரைபடம் எல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு மாதத்து வாட் கணக்குக்கும் அடுத்த மாதம் 15க்குள் பிபி 30 படிவம். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் போட வேண்டும். சம்பளத்திலும் சேவைக் கட்டணங்களிலும் பிடித்த வரியை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். லாபத்துக்கு 20 சதவீத வரி. சிறு கம்பெனிகளுக்கு முதல் 3 லட்சம் பாட் லாபத்துக்கு வரி இல்லை, 30 லட்சம் வரை 15 சதவீதம். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்தாக வேண்டும்.

ஊழியர் சட்டம் தொழிலாளர் பக்கம் நிற்கிற சட்டம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 13 விடுமுறை நாள், 30 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு. 120 நாள் வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தினால் 30 நாள் சம்பளம், ஓராண்டு ஆனவருக்கு 90 நாள், மூன்றாண்டு ஆனவருக்கு 180 நாள். தகுதிகாண் காலத்தை 119 நாள் என்று வைக்கிற பழக்கம் இதிலிருந்து வந்தது. எல்லார் முன்னாலும் ஊழியரைக் கத்துகிற முதலாளியிடம் இங்கே யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மறுநாள் வேலைக்கு வர மாட்டார்கள், அவ்வளவுதான். எட்டுப் பேரில் இருவர் போய்விட்டால் உங்கள் விசா நீட்டிப்பே ஆட்டம் காணும். சாங்கிரான் எனும் தாய்ப் புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சம்பளமும் கையில் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்து அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: மூடுவது

தொழில் ஓடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். பதிந்த கம்பெனி உயிரோடுதான் இருக்கும். கணக்குத் தாக்கல் செய்யாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அபராதம் சேரும், அது இயக்குநர் பேரிலும் விழும். முறையாகக் கலைக்கப் பங்குதாரர்கள் தீர்மானம் போட வேண்டும், கலைப்பாளரை நியமிக்க வேண்டும், நாளிதழில் அறிவிப்பு கொடுக்க வேண்டும், வாட் பதிவை ரத்து செய்ய வேண்டும். வரி அலுவலகம் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும் என்பதால் பல மாதம் ஆகும். உங்கள் வேலை முடிகிற நாளோடு விசா நீட்டிப்பும் முடிகிறது, குடும்பத்தின் விசாவும் அதோடு போகிறது. ஆகவே பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிகிற மாதத்தைப் பார்த்து, உங்கள் ஒர்க் பெர்மிட்டை ஒப்படைக்கும் நாளைக் கணக்கு அலுவலகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு கலைப்புத் தாள்களில் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் ஒன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.